முகமூடிக்காரர்களின் டும் டும் டெக்னோ!

பாட்டு இல்லை, ஹீரோ இல்லை, போஸ்டர் இல்லை. ஆனாலும் முப்பது வருஷத்துக்கும் மேலாக உலகத்தை ஆட வைக்கிறது டெட்ராய்ட்டின் ஒரு குட்டி லேபிள். காரணம் பீட் மட்டும் இல்ல பாஸ்!

ஒரு ஆல்பம் ரிலீஸ்னா நமக்கு என்னென்ன வேணும்? ஹீரோ போட்டோ, ஆடியோ லாஞ்ச், மேடையில் நாலு பேர் புகழ்ந்து பேசணும், மறுநாள் லிரிக்கல் வீடியோ. இது எதுவுமே இல்லாம ஒரு ரிலீஸ் வருதுன்னு வெச்சுக்குங்க. கறுப்பு நிற வினைல் தட்டு. நடுவில் ஒரு வட்ட லேபிள். அதில் 'யு.ஆர்'னு ரெண்டு எழுத்து, பக்கத்தில் ஒரு நம்பர். வாசிச்சவர் முகம்? முகமூடிக்குள்ளே! பாட்டு வரிகள்? பெரும்பாலும் கிடையாது.

அந்த ரெண்டு எழுத்தோட விரிவு, அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து இண்டிபெண்டென்ட் லேபிள். மைக் பேங்க்ஸ், ஜெஃப் மில்ஸ்னு ரெண்டு பேர் 1980-களின் கடைசியில் ஆரம்பிச்சது. கொஞ்ச நாளில் ராபர்ட் ஹூட் சேர்ந்தார். எலெக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக் பைத்தியங்கள் இந்தப் பேரைச் சொன்னாலே காதைத் தொட்டுக் கும்பிடுவார்கள்.

'டான்ஸ் மியூசிக்ல என்னப்பா இருக்கு, டும் டும்னு ஒரே சத்தம்தானே?' என்று கேட்கிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. அந்த டும் டும் யாருக்குச் சொந்தம் என்பதில் ஒரு பெரிய சண்டையே இருக்கு. லேப்டாப்பில் பீட் போட்டுப் பார்க்கிற நம்ம ஹாஸ்டல் பசங்களுக்கும் அந்தச் சண்டையில் பங்கு இருக்கு!

கார் ஊர், பீட் ஊர்

முதல்ல ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். டெட்ராய்ட் என்றால் கார். ஹென்றி ஃபோர்டு 1913-ல் நகரும் அசெம்ப்ளி லைனை ஓட விட்டது அந்த ஊரை ஒட்டித்தான். 1950-ல் அந்த ஊர் மக்கள்தொகை சுமார் 18.5 லட்சம். 2020 கணக்கெடுப்பில் 6.39 லட்சம். மூணில் ரெண்டு பங்கு ஆட்கள் காலி! ஃபேக்டரிகள் ஊரைவிட்டு நகர்ந்தன, 1967-ல் பெரிய கலவரம், வெள்ளையர்கள் புறநகருக்குக் குடிபோனார்கள், வேலை போச்சு. 2013-ல் நகராட்சியே திவால் மனு கொடுத்தது.

இசையிலும் இதே கதைதான். பெர்ரி கோர்டி 1959-ல் டெட்ராய்ட்டில் ஆரம்பித்த 'மோடவுன்' லேபிள் கறுப்பின இசையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 1972-ல் அது மூட்டை கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டது. 1988-ல் 6.1 கோடி டாலருக்குக் கைமாறியது. ஊருக்கு மிஞ்சியது, பழைய வீடும் பெருமையும்தான்.

அந்த வெற்றிடத்தில் வளர்ந்த பசங்கதான் டெக்னோவைப் பெற்றெடுத்தது. பெல்வில் என்ற பக்கத்து ஊர் ஸ்கூலில் படித்த மூணு நண்பர்கள்... ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். ராத்திரி ரேடியோவில் 'எலெக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற ஒருத்தர், ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்கையும் அமெரிக்க ஃபங்க்கையும் அடுத்தடுத்துப் போடுவார். மெஷின் சத்தமும் கறுப்பின தாளமும் இவங்க மண்டைக்குள் கலந்தது. அட்கின்ஸ் 1985-ல் 'மெட்ரோபிளெக்ஸ்' என்று சொந்த லேபிள் தொடங்க, அடுத்த வருஷம் டெரிக் மே 'டிரான்ஸ்மாட்' தொடங்க, அதற்கடுத்த வருஷம் சாண்டர்சன் 'கே.எம்.எஸ்.' தொடங்கினார். கவனிச்சீங்களா? யாரும் வாய்ப்புக் கேட்டு கம்பெனி வாசலில் நிற்கவில்லை. ஆளுக்கொரு லேபிள்!

செகண்ட் ஹேண்ட் மெஷின்

என்ன வெச்சு வாசிச்சாங்க? இங்கேதான் நம்ம ஈ.சி.இ. மூளை முழிச்சுக்கும். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1983-ல் 'டி.ஆர்-909' என்ற டிரம் மெஷினை இறக்கியது. கிக் டிரம் சத்தம் அனலாக் சர்க்யூட். ஹை-ஹாட், சிம்பல் சத்தங்கள் மட்டும் 6-பிட் டிஜிட்டல் சாம்பிள். அதற்கு முன் 1980-ல் வந்தது 'டி.ஆர்-808'. நிஜ டிரம்ஸ் மாதிரி சத்தம் வரவில்லை என்று இசைக்காரர்கள் ஒதுக்கிவிட, ரெண்டுமே சில வருஷத்தில் உற்பத்தி நிறுத்தம். கடையில் விலை போகாத சரக்கு, செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைத்தது. காசில்லாத பசங்க கையில் அது கிடைச்சதுதான் திருப்பம்.

இயங்கும் விதம் ரொம்ப சிம்பிள். வரிசையாக 16 பட்டன். ஒரு பட்டன் ஒரு படி. எந்தப் படியில் அடி விழணுமோ அந்தப் பட்டனை அமுக்கினால் விளக்கு எரியும். முதல், அஞ்சாவது, ஒன்பதாவது, பதிமூணாவது படிகளில் கிக் வெச்சா அதுதான் புகழ்பெற்ற நாலு அடி 'டும் டும் டும் டும்'. நிமிஷத்துக்கு 130 அடி வேகம்னா, ஒரு படிக்கு 0.115 விநாடி. 16 படி முடிஞ்சதும் மறுபடி முதல் படிக்கு வந்துவிடும். நம்ம மைக்ரோபிராசஸர் லேபில் எழுதுகிற லூப் மாதிரியேதான். அவங்க லூப்புக்கு ஊரே ஆடுது, நம்ம லூப்புக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்கூட தலை ஆட்ட மாட்டேங்கறார்!

ரூம் மேட்டுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு ஒரு டிராக் போட்டேன்.

"மச்சான், பாட்டு எப்படா ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சு நாலு நிமிஷம் ஆச்சுடா."

"அப்போ யாரும் பாட மாட்டாங்களா?"

"மாட்டாங்க. நீ பேசாம கேளு."

ஏழாவது நிமிஷம் பார்த்தா, பயபுள்ள கால் விரல் தானா தாளம் போடுது. அதான் மேட்டர். ஒரே மாதிரி அடி விழ விழ, நடுவில் நுழைகிற சின்னச் சின்ன மாற்றமும் பெரிசாத் தெரியும். கிராமத்துக் கொட்டகையில் பறை அடிக்கும்போது வேகம் மெதுவா ஏறி உடம்பைத் தூக்கிவிடுமே, அதே வித்தை.

தட்டுக்குள் ஒரு கணக்கு

அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் ரிலீஸ்கள் 12 அங்குல வினைல் தட்டுகளாக வந்தன. ஏன் இவ்வளவு பெரிய தட்டு, ஏன் பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு டிராக் மட்டும்? பந்தா இல்ல, ஃபிசிக்ஸ். பாஸ் சத்தத்துக்குத் தட்டில் வெட்டுகிற பள்ளம் அகலமா வளைஞ்சு வளைஞ்சு போகணும். சத்தம் கூடினால் வளைவும் கூடும். வளைவு கூடினால் பக்கத்துப் பள்ளம் தள்ளி இருக்கணும். ஆக, கிளப் ஸ்பீக்கரில் நெஞ்சு அதிர பாஸ் வேணும்னா, தட்டில் நிமிஷங்கள் குறையும். பாஸை இடது வலது எனப் பிரிக்காமல் நடுவிலேயே வைக்கணும், இல்லாட்டி ஊசி துள்ளிக் குதிச்சுடும்.

இந்த வேலையில் டெட்ராய்ட்டுக்கு ஒரு மாஸ்டர் இருந்தார். பெயர் ரான் மர்ஃபி. நேஷனல் சவுண்ட் கார்ப்பரேஷன் என்ற தன் இடத்தில் டெட்ராய்ட் டெக்னோ தட்டுகள் ஏராளமானவற்றுக்குப் பள்ளம் வெட்டிக் கொடுத்தவர். 2008-ல் காலமானார். வட்டத்தின் முனை அதன் ஆரம்பத்திலேயே போய்ச் சேருகிற மாதிரி வெட்டினால், ஊசி அதே வட்டத்தில் சுத்திக்கிட்டே இருக்கும். 'லாக்டு க்ரூவ்'னு பேர். நிமிஷத்துக்கு முப்பத்து மூணே கால்... இல்ல, சரியா 33⅓ சுற்று ஓடுகிற தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அதில் நாலு அடி விழணும்னா வேகம் நிமிஷத்துக்கு 133⅓ அடி. அட, டெக்னோவுக்குக் கச்சிதமான வேகம்! யு.ஆர். மூவர் 'எக்ஸ்-102' என்ற பெயரில் 1992-ல் சனி கிரகத்தின் வளையங்களைப் பற்றி ஒரு தட்டு போட்டார்கள். வளையத்தைப் பற்றிய இசைக்கு வளையமாகவே பள்ளம். நச்!

பள்ளம் முடிந்து லேபிள் தொடங்கும் இடைவெளியில் ஊசியால் கையெழுத்தாகவே வாசகம் கீறி வைப்பதும் யு.ஆர். வழக்கம். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். காசு கொடுத்து வாங்கியவனுக்கு மட்டும் ஒரு ரகசியக் கடிதம்! தட்டுகளை அச்சடிக்கவும் வெளியூர் போக வேண்டியதில்லை. 1965 முதல் ஆர்ச்சர் என்ற குடும்பக் கம்பெனி டெட்ராய்ட்டிலேயே தட்டு அடிக்கிறது.

ஏன் முகமூடி?

யு.ஆர். ஆட்கள் மேடையில் முகத்தை மறைத்துக்கொள்வார்கள். மைக் பேங்க்ஸ் முகம் தெரிய போட்டோவுக்கு நிற்பதையே தவிர்ப்பவர். சினிமா வில்லன் பில்டப் மாதிரி தெரியலாம். விஷயம் வேறு. கறுப்பின இசைக்காரர்களின் முகத்தை விற்று, இசையைக் கம்பெனி எடுத்துக்கொண்ட கதைகள் அந்த ஊருக்குப் பழக்கம். முகம் இல்லாவிட்டால் கம்பெனி எதை போஸ்டர் அடிக்கும்? இசையைத்தான் கேட்டாகணும்.

இதைவிட முக்கியமான வேலை ஒண்ணு பண்ணினார்கள். 1992-ல் 'சப்மெர்ஜ்' என்ற விநியோக நிறுவனம். தட்டு போடுவது ஒரு லேபிள், கடைக்கு அனுப்புவது வேற ஒரு கம்பெனின்னா, லாபமும் கணக்கும் அந்தக் கம்பெனி கையில் போய்விடும். சப்மெர்ஜ் வந்ததும், டெட்ராய்ட்டின் சின்னச் சின்ன லேபிள்கள் தங்கள் தட்டுகளை ஊர்க்காரர்கள் மூலமே உலகத்துக்கு அனுப்ப முடிந்தது. ஈஸ்ட் கிராண்ட் பொலிவார்டில் சொந்தக் கட்டடம். அதற்குள்ளேயே டெக்னோ மியூசியமும் உண்டு. மோடவுன் ஊரைவிட்டுப் போனது. இவங்க போகல.

வெளியூர் கைகொடுத்ததும் உண்டு. பெர்லின் சுவர் 1989-ல் இடிந்த பிறகு, கிழக்கு பெர்லினில் கைவிடப்பட்ட கட்டடங்களில் இளைஞர்கள் ஆட ஆரம்பித்தார்கள். பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றின் லாக்கர் அறையில் 1991-ல் திறந்த கிளப் 'ட்ரெஸோர்'. அதுவே ஒரு லேபிளும் தொடங்கியது. அதன் முதல் ரிலீஸ் எது தெரியுமா? யு.ஆர். மூவரின் 'எக்ஸ்-101'. வேலை இழந்த ஊரும், சுவர் இழந்த ஊரும் ஒரே பீட்டில் கை கோத்தன. 2024 மார்ச்சில் பெர்லின் டெக்னோ, ஜெர்மனியின் யுனெஸ்கோ கலாசார மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அந்த மரியாதையில் பாதி டெட்ராய்ட்டுக்குப் போகணும்!

கடலுக்கு அடியில் ஒரு தேசம்

பாட்டு வரியே இல்லாமல் கதை சொல்ல முடியுமா? முடியும் என்று காட்டியது 'ட்ரெக்ஸியா'. ஜேம்ஸ் ஸ்டின்சன், ஜெரால்ட் டொனால்ட் என்ற ரெண்டு டெட்ராய்ட்காரர்கள். இவர்களின் தட்டுகள் சிலவும் யு.ஆர். வழியாக வந்தவைதான்.

1997-ல் வந்த 'தி குவெஸ்ட்' தொகுப்பின் குறிப்பில் ஒரு கற்பனை இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்ட கர்ப்பிணிகள், நடுக்கடலில் தூக்கி எறியப்பட்டார்கள். அவர்கள் வயிற்றில் இருந்த குழந்தைகள் தண்ணீரிலேயே மூச்சுவிடப் பழகி, அட்லாண்டிக் அடியில் ஒரு தேசம் அமைத்திருந்தால்? அந்த தேசத்தின் பெயர்தான் ட்ரெக்ஸியா. இதைத் தெரிந்துகொண்டு கேட்டுப் பாருங்க. குமிழி குமிழியாக வெடிக்கிற அந்த சிந்தசைஸர் சத்தம் வேற மாதிரி கேட்கும். 2002-ல் ஸ்டின்சன் இறந்த பிறகுதான் பல ரசிகர்களுக்கு அவர் யார் என்றே தெரிய வந்தது.

ஜாகுவார் வேட்டை

இனி கிளைமாக்ஸ். 1999-ல் யு.ஆர். 49-ம் நம்பர் தட்டு வெளியானது. வாசித்தவர் டி.ஜே. ரோலாண்டோ. அதில் 'நைட்ஸ் ஆஃப் தி ஜாகுவார்' என்று ஒரு டிராக். வயலின் மாதிரி ஏறி ஏறி வரும் ஒரு மெட்டு, அடியில் லத்தீன் தாளம். ஐரோப்பாவின் கிளப்புகளில் தீப்பிடித்தது. விளம்பரமே இல்லாமல்.

ஜெர்மனியில் சோனி நிறுவனத்துக்கு மூக்கு வியர்த்தது. உரிமம் கேட்டார்கள், யு.ஆர். ஒத்துக்கொள்ளவில்லை. விட்டார்களா? அந்த மெட்டை வேறு ஆட்களை வைத்து அச்சு அசலாக வாசித்து, தங்கள் தட்டாகத் தயார் செய்துவிட்டார்கள்.

'அது எப்படி, திருட்டு இல்லையா?' இங்கேதான் நம்மில் பலருக்குத் தெரியாத சட்ட நுணுக்கம். ஒரு டிராக்கில் இரண்டு சொத்து இருக்கு. ஒன்று மெட்டு. இன்னொன்று அந்த மெட்டை வாசித்துப் பதிந்த பதிவு, அதாவது மாஸ்டர். மாஸ்டரை எடுத்து அப்படியே போட்டால் பிடித்துவிடலாம். ஆனால் ஒரு மெட்டு ஒரு முறை வெளியாகிவிட்டால், அதற்குரிய ராயல்டியைக் கட்டிவிட்டுப் புதிதாக வாசித்துப் பதிவு செய்ய பல நாடுகளில் வழி உண்டு. கவர் வெர்ஷன் என்பது அதுதான். வழி இருக்கிறது என்பதற்காக, 'வேண்டாம்' என்று சொன்னவர் மெட்டை எடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

இங்கே ரசிகர்கள் களத்தில் குதித்தார்கள். அப்போது இன்டர்நெட் தவழ்ந்துகொண்டிருந்த நேரம். உலகம் முழுக்க இருந்து சோனிக்கு இ-மெயில் மழை. சோனி பின்வாங்கியது. கதை அத்தோடு சுபம் ஆகவில்லை. அந்த நகல் பி.எம்.ஜி. என்ற இன்னொரு பெரிய கம்பெனியின் கைக்குப் போனது. யு.ஆர். என்ன செய்தது? 2000-ல் 'ரிவெஞ்ச் ஆஃப் தி ஜாகுவார்' என்று தங்கள் ரீமிக்ஸ் தட்டையே இறக்கியது. பழிவாங்கலும் பீட்டிலேயே!

முழு வெற்றின்னு சொல்ல முடியாதுதான். நகலை அவங்களால் மொத்தமா அழிக்க முடியலை. ஆனா மாஸ்டர் அவங்க கையை விட்டுப் போகவே இல்லை. கம்பெனிப் பணத்தில் பதிந்து, கம்பெனி மூலம் விற்றிருந்தால் 'வேண்டாம்' என்று சொல்லும் இடத்திலேயே ரோலாண்டோ இருந்திருக்க மாட்டார். இன்றைக்கும் டி.ஜே.க்கள் தேடிப் போடுவது அந்த அசலைத்தான்.

சின்ன லேபிள்னா நல்ல லேபிளா?

இதைப் படிச்சிட்டு, 'பெரிய கம்பெனி வில்லன், சின்ன லேபிள் ஹீரோ'ன்னு முடிவு கட்டிடாதீங்க. டெட்ராய்ட்டில் இருந்து கொஞ்ச தூரம்தான் சிகாகோ. அங்கே 1984-ல் தொடங்கிய 'டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ்' சுத்தமான இண்டிபெண்டென்ட் லேபிள். ஹவுஸ் மியூசிக்கின் பல முக்கியமான தட்டுகள் அதில்தான் வந்தன. 1986-ன் 'கேன் யூ ஃபீல் இட்' உட்பட. அதை உருவாக்கியவர் லேரி ஹெர்ட்.

அந்த லேரி ஹெர்ட்டும் பாடகர் ராபர்ட் ஓவன்ஸும் 2020-ல் டிராக்ஸ் மீது வழக்குப் போட்டார்கள். பல வருஷமாக ராயல்டி வரவில்லை என்பது புகார். 2022-ல் சமரசம். உரிமைகள் அவர்களிடம் திரும்பின. பணம்? கொடுக்கிற நிலையில் லேபிள் இல்லை. முப்பத்தைஞ்சு வருஷம் உலகம் ஆடிய பாட்டு, கடைசியில் கைக்கு வந்தது சொந்தப் பாட்டு மட்டும்.

இரண்டும் அண்டர்கிரவுண்ட். இரண்டும் இண்டிபெண்டென்ட். ஒண்ணு வாசிக்கிறவர்களே நடத்தியது. இன்னொண்ணு தட்டு அடிக்கத் தெரிந்தவர், வாசிக்கிற பசங்களிடம் உரிமையை வாங்கி நடத்தியது. 'அண்டர்கிரவுண்ட்' என்ற ஸ்டிக்கரை நம்பாதீங்க. மாஸ்டர் யார் பெயரில் இருக்குன்னு பாருங்க.

புது ரிலீஸ்... புது சிக்கல்

டெட்ராய்ட்டின் அடுத்த தலைமுறை இந்தப் பாடத்தைக் கெட்டியாகப் பிடிச்சுக்கிட்டது. ஓமர்-எஸ் என்ற தயாரிப்பாளர் தன் 'எஃப்.எக்ஸ்.ஹெச்.இ.' லேபிளில் தன் தட்டுகளைத் தானே போடுகிறார். கைல் ஹால் 2008-ல் 'வைல்ட் ஓட்ஸ்' லேபிளைத் தொடங்கியபோது பதின்ம வயசு. நாம ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு நகம் கடிக்கிற வயசுங்க! ஹிப்-ஹாப்பில் இருந்து வந்த வஜீத், 2022-ல் ட்ரெஸோர் மூலம் 'மெமொயர்ஸ் ஆஃப் ஹை-டெக் ஜாஸ்' ஆல்பத்தை வெளியிட்டார். யு.ஆர். குடும்பத்தின் 1993 கிளாசிக் 'ஹை-டெக் ஜாஸ்' டிராக்குக்கு அந்தத் தலைப்பே ஒரு வணக்கம். டெட்ராய்ட்டிலேயே 'அண்டர்கிரவுண்ட் மியூசிக் அகாடமி' என்று இளைஞர்களுக்குச் சொல்லித்தரும் முயற்சியிலும் அவர் இருக்கிறார்.

இப்போ தட்டு அடிக்கக் காசு வேணாம், ஃபைல் போதும். அதில் இரண்டு வழி. ஸ்பாட்டிஃபை மாதிரி ஸ்ட்ரீமிங்கில், 2024 முதல் ஒரு டிராக் கடந்த 12 மாதத்தில் குறைந்தது 1,000 முறை ஓடியிருக்கணும். இல்லாட்டி அந்த டிராக்குக்கு ராயல்டி சுத்தமா கிடையாது. 300 தீவிர ரசிகர்கள் உள்ள அண்டர்கிரவுண்ட் ஆசாமிக்கு இது நேரடி அடி.

இன்னொரு வழி பேண்ட்கேம்ப். 2008-ல் வந்த தளம். ரசிகர் நேரடியா காசு கொடுத்து வாங்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவிகிதம், தட்டு, டி-ஷர்ட் என்றால் 10 சதவிகிதம். கொரோனா காலத்தில், 2020 மார்ச் 20 அன்று, ஒரு நாள் முழுக்கத் தன் பங்கை விட்டுக்கொடுத்தது. அதுதான் 'பேண்ட்கேம்ப் வெள்ளி'யின் பிள்ளையார் சுழி. சின்ன லேபிள்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அந்தத் தளமே 2022-ல் எபிக் கேம்ஸிடம் போய், 2023-ல் சாங்ட்ராடர் என்ற இன்னொரு கம்பெனிக்குக் கைமாறி, ஊழியர்களில் பாதிப் பேர் வேலை இழந்தார்கள். கடை யாருடையதோ, எப்போ வேணா மாறும். சரக்கு நம்மளோடதா இருந்தா இன்னொரு கடைக்குத் தூக்கிக்கிட்டுப் போகலாம்.

பீட் போடும் மக்களே... இதைக் கிழித்து ஒட்டிக்குங்க!

* நீங்க உருவாக்கிய மெட்டுக்கு, உருவாக்கிய நொடியிலேயே காப்பிரைட் உண்டு. இந்தியாவில் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. உங்கள் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகும் 60 வருஷம் அது செல்லும்.

* உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்பது சட்டத்தின் 19-வது பிரிவு. 'நிரந்தரமாக', 'உலகம் முழுக்க' என்ற வார்த்தைகள் ஒப்பந்தத்தில் இருந்தால் பேனாவைக் கீழே வெச்சிட்டு ரெண்டு நாள் யோசிங்க.

* பதிவை முன்னெடுத்துப் பொறுப்பேற்கிறவர்தான் பதிவின் உரிமையாளர் எனச் சட்டம் கருதும். 'ஸ்டுடியோ ஃப்ரீ தம்பி'ன்னு யாராவது சொன்னா, மாஸ்டர் யார் பெயரில்னு முதல்லயே கேட்டுடுங்க.

* 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில், முதல் பதிவு வந்த வருஷம் முடிந்து 5 வருஷம் கழித்துத்தான் இந்தச் சட்டப்படி கவர் வெர்ஷன் போட முடியும். அதுவும் முன்கூட்டியே தகவல் சொல்லி, ராயல்டி கட்டி. ஜாகுவாருக்கு இந்த 5 வருஷக் கவசம் இருந்திருந்தால்?

* நாலு நண்பர்கள் சேர்ந்து பண்ணினா, யாருக்கு எத்தனை சதவிகிதம்னு பாட்டு ஹிட் ஆகும் முன்னாடியே எழுதி வைங்க. ஹிட் ஆன பிறகு நட்பு, சதவிகிதம் ரெண்டுமே குழம்பும்.

நம்ம ஊர் துணுக்கு!

மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், 1982-ல் ரோலண்டின் டி.ஆர்-808, டி.பி-303, ஜுபிடர்-8 கருவிகளை வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ பீட்டில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். பூபாளி, மால்கௌன்ஸ் எல்லாம் உண்டு. நம்ம பாஷையில் மோகனம், ஹிந்தோளம்! யாரும் கண்டுக்கல. சிகாகோவில் அதே டி.பி-303-ஐத் திருகி 'ஆசிட் டிராக்ஸ்' வெளியானது 1987-ல். ரெண்டுக்கும் தொடர்பு கிடையாது, சத்தம் மட்டும் அண்ணன் தம்பி. 2010-ல் ஒரு டச்சு லேபிள் சிங்கின் தட்டை மறுவெளியீடு செய்ய, எழுபது வயசுக்கு மேல் வெளிநாட்டு மேடைகளில் அவருக்குக் கைத்தட்டல். 2015-ல் காலமானார்.

முதல்ல இதைக் கேளுங்க!

ஹெட்போன் நல்லதா இருக்கணும். செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாஸ் வராது, கொசுச் சத்தம்தான் வரும்.

1. மாடல் 500 - 'நோ யு.எஃப்.ஓஸ்' (1985). ஹுவான் அட்கின்ஸின் முதல் மெட்ரோபிளெக்ஸ் தட்டு.

2. ரிதிம் இஸ் ரிதிம் - 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' (1987). டெரிக் மேயின் பியானோ வெடி.

3. கேலக்ஸி 2 கேலக்ஸி - 'ஹை-டெக் ஜாஸ்' (1993). டெக்னோவுக்குள் சாக்ஸபோன் நுழைந்தால் என்ன ஆகும்?

4. ட்ரெக்ஸியா - 'தி குவெஸ்ட்' (1997). ராத்திரி, லைட்டை அணைச்சுட்டு.

5. டி.ஜே. ரோலாண்டோ - 'நைட்ஸ் ஆஃப் தி ஜாகுவார்' (1999). அசலைத் தேடிக் கேளுங்க, நகல் வேணாம்.

பிடிச்சுதுன்னா ஒரு வேலை பண்ணுங்க. லேபிளின் சொந்தக் கடையிலோ, கலைஞரின் பக்கத்திலோ ஒரே ஒரு டிராக்கையாவது காசு கொடுத்து வாங்குங்க. ஒரு பிளேட் பிரியாணி விலைகூட ஆகாது. வாசிச்சவர் முகமூடிக்குள்ளேயே இருக்கட்டும். காசு மட்டும் சரியான பாக்கெட்டுக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான்!